மூன்று கண் கார் செய்த பிரஸ்டன் டக்கர்



அமெரிக்காவில் 1940, 50-களில் எடுத்த கார் கண்காட்சிப் படங்களை நீங்க பாத்திருக்கீங்களா? எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். பளபளன்னு ஒரு கார் மேடையில நிக்கும். தொப்பி போட்ட ஆண்களும் கவுன் போட்ட பெண்களும் சுத்தி நின்னு கண் கொட்டாம பாப்பாங்க. அந்தப் படங்களில் ஒரு கார் மட்டும் தனியாத் தெரியும். அதுக்கு முன்பக்கம் மூணு விளக்கு. நடு விளக்கு நெற்றிக்கண் மாதிரியே இருக்கும். அந்தக் காரைச் செய்தவர்தான் பிரஸ்டன் டக்கர். இந்த இதழில் அவர் கதை.

இளமை

டக்கர் 1903 செப்டம்பர் 21 அன்று மிச்சிகன் மாநிலத்தில் கேபக் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயசுலேயே அப்பா இறந்துட்டார். அம்மா ஒரு ஆசிரியை. அவர்தான் மகனை வளர்த்தார். வளர்ந்த இடம் டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கம். டெட்ராய்ட் என்றாலே கார்தான். அதனால இவருக்கும் கார் பைத்தியம். 11 வயதில் ஓட்டப் பழகினார். 16 வயதில் பழைய கார்களை வாங்கி, பழுது பார்த்து, விற்றார்.

காடிலாக் கார் கம்பெனியில் ஆபீஸ் பையனாக இருந்தபோது, வேலை சீக்கிரம் முடியணும்னு காலில் ரோலர் ஸ்கேட் கட்டிக்கிட்டு சுத்தினாராம்! வேகமான வண்டி ஓட்டலாம்னே போலீஸில் சேர்ந்தார். குளிர் தாங்கலைன்னு, எஞ்சின் சூடு உள்ளே வர்றதுக்காகப் போலீஸ் காரின் டேஷ்போர்டிலேயே ஓட்டை போட்டுட்டார். அதோட அவரை வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

அப்புறம் பல கம்பெனிகளின் கார்களை விற்கிற வேலை பார்த்தார். பேச்சில் கெட்டிக்காரர். பந்தயக் கார் எஞ்சின் செய்வதில் பெயர் பெற்ற ஹாரி மில்லரோடு சேர்ந்து 1935-இல் பந்தயக் கார்களும் செய்தார்.

புதிய கார்

இரண்டாம் உலகப் போர் காரணமாக 1942 முதல் அமெரிக்காவில் மக்களுக்கான கார் தயாரிப்பு நின்னு போச்சு. எல்லாத் தொழிற்சாலையும் போருக்கான பொருள் செய்தன. 1945-இல் போர் முடிஞ்சதும் எல்லாருக்கும் புதுக் கார் ஆசை. ஆனா பெரிய கம்பெனிகள் போருக்கு முந்தின மாடலையே கொஞ்சம் மாத்தி வித்தாங்க. இதுதான் சமயம்னு டக்கர் நினைத்தார். சிகாகோவில் போர் விமான எஞ்சின் செய்த மிகப் பெரிய தொழிற்சாலையை அரசிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார். அலெக்ஸ் டிரெமுலிஸ் என்பவர் காருக்கு வடிவம் வரைந்தார்.

அந்தக் காரில் எஞ்சின் பின்பக்கம் இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் நடு விளக்கும் கூடவே திரும்பி, வளைவில் வழி காட்டும். மோதினால் தலையில் அடிபடாமல் இருக்க டேஷ்போர்டில் மெத்தை. முன் கண்ணாடி உடைஞ்சு முகத்தைக் கிழிக்காமல் வெளியே கழன்று விழும். அந்தக் காலத்தில் இப்படி யோசித்தவர்கள் குறைவு.

திரை விலகிய நாள்

1947 ஜூன் 19. சிகாகோ தொழிற்சாலையில் 3,000 பேருக்கு மேல் கூடிட்டாங்க. அறிவியல் கண்காட்சியில் நம்ம மாடல் கடைசி நேரத்துல மக்கர் பண்ணுமே, அவருக்கும் அதே கதிதான். திரைக்குப் பின்னால் சக்கரத்தைத் தாங்கும் பாகம் உடைஞ்சு போச்சு. ஆட்கள் அவசர அவசரமா சரி செய்ய, டக்கர் மேடையில் நின்னு பேசிப் பேசியே நேரத்தை ஓட்டினார். எஞ்சின் சத்தம் கேட்காமல் இருக்க பாண்டு வாத்தியத்தைச் சத்தமா வாசிக்கச் சொன்னாராம். அந்த முதல் காருக்குப் பின்னால் போகும் ரிவர்ஸ் கியரே இல்லை! ஆனாலும் திரை விலகினதும் ஒரே கைத்தட்டல். படத்தில் கார் அழகாத்தான் இருக்கும். உடைஞ்சது எதுவும் படத்தில் தெரியாது.

வந்த சோதனை

கார் செய்யப் பணம் வேணுமே? பங்குகள் விற்று ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் திரட்டினார். கார் விற்கும் உரிமையையும் டீலர்களுக்கு விற்றார். அதுவும் போதாமல், கார் வாங்கப் போறவங்ககிட்ட ரேடியோ, சீட் உறை, பெட்டி எல்லாம் முன்கூட்டியே விற்றார். காரே இன்னும் வரலை!

இதனால் பங்கு விற்பனையைக் கவனிக்கும் அரசு ஆணையம் விசாரணை தொடங்கியது. 1948 ஜூனில் செய்தி வெளியே வந்ததும் பங்கு விலை சரிந்தது. பின்னால் போகாத கார் என்று கேலி வேற. ஆனா அதுக்குள்ள அவர் எஞ்சினையும் கியரையும் மாத்திட்டார். ஹெலிகாப்டர் எஞ்சின் ஒன்றை மாற்றி அமைத்துப் பொருத்தியிருந்தார். ரிவர்ஸும் வந்தாச்சு. சோதனை ஓட்டத்தில் ஒரு கார் மணிக்கு 95 மைல் வேகத்தில் மூணு தடவை உருண்டது. கண்ணாடி சொன்னபடியே கழன்று விழ, ஓட்டியவர் சின்னக் காயங்களோடு எழுந்து நடந்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை ஆச்சு. தொழிற்சாலை மூடப்பட்டது. உண்மையில் கார் செய்யும் எண்ணமே இல்லாமல் மக்களை ஏமாற்றினார் என்று வழக்கு. 1950 ஜனவரி 22 அன்று டக்கரும் அவருடன் குற்றம் சாட்டப்பட்டவர்களும் குற்றவாளிகள் இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஆனா கம்பெனி போனது போனதுதான். முதல் மாதிரியையும் சேர்த்து மொத்தம் 51 கார்களே செய்யப்பட்டன. டக்கர் நுரையீரல் புற்றுநோயால் 1956 டிசம்பர் 26 அன்று, 53 வயதில் காலமானார்.

நான் நினைப்பது

பெரிய கம்பெனிகள்தான் அவரைக் கவிழ்த்தன என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆனா டீலர்களையும் நினைச்சுப் பாருங்க. டீலர்கள் ஆயிரத்துக்கும் மேல். கார் 51. கணக்குப் போட்டாலே தெரியுது, பணம் கட்டிக் காத்திருந்த பலருக்கு விற்க ஒரு கார்கூட வந்திருக்காது. அவங்க படம் எந்தக் கண்காட்சியிலும் இல்லை.

டக்கர் திருடர் இல்லை. காரை நிஜமாவே செய்து காட்டினார். 47 கார்கள் இன்னும் இருக்குன்னு சொல்றாங்க. 2012-இல் ஒன்று 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1988-இல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. ஆனா வேலை முடியறதுக்கு முன்னாடியே திரையை விலக்கினார், காசும் வாங்கினார். அதனாலதான் பிறகு அவர் நல்ல காரைக் காட்டியபோது பலர் நம்பலை.

கனவு பெருசா இருக்கலாம், தப்பே இல்லை. ஆனா நம்பி வந்தவங்களுக்குச் சொன்னதைக் கொடுத்துட்டு அப்புறம் மேடை ஏறணும். நீங்க என்ன நினைக்கிறீங்க? இடைவேளையில் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் தோழி,
9-ஆம் வகுப்பு