கழற்றிப் பூட்டிய ஜி.டி. நாயுடு

பழைய வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கி வேறு ஏற்றுவதை நம்ம கோவைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அந்தத் துணிச்சலுக்கு இங்கே ஒரு முன்னோடி உண்டு நண்பர்களே!

1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. கோவை ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. முழுசாகக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். அப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

1920-ல் பொள்ளாச்சி–பழனி ரோட்டில் ஒரே ஒரு பஸ் விட்டார், ஓட்டியதும் அவரே. அது யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமானார். 1974-ல் மறைந்தார்.

பள்ளிக்கூடம் ஒட்டாதவர் நமக்குப் பாலிடெக்னிக் வழி போட்டார். எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ வாங்கியும் ஸ்பேனர் பிடிக்கக் கை கூசினால் என்ன பிரயோசனம்? பயப்படாமல் கழற்றுவோம், பொறுப்பாகப் பூட்டுவோம்!