முத்துராமலிங்க சேதுபதி: சண்டையே நடக்காமல் பறிபோன சீமை

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைப் பார்க்காதவர்கள் நம் குடியிருப்பில் குறைவு. 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு ஈரத் துணியோடு நடப்பதால், பிரகாரத்தின் நுழைவாயிலில் இரண்டு அமைச்சர்களுடன் நிற்கும் அரசரின் சிலை நம் கண்ணில் படுவதில்லை. முன்னோர் தொடங்கிய அந்தப் பிரகாரம் நிறைவு பெற்றது அவர் காலத்தில்தான். அவர் முத்துராமலிங்க விஜயரகுநாத சேதுபதி. கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் அறிந்த நம் பிள்ளைகள் இவரையும் அறிய வேண்டும்.

1760-ல் பிறந்த இவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே பட்டம் சூட்டினார்கள். தாய் முத்துத் திருவாயி நாச்சியார் பொறுப்பேற்று ஆட்சி நடத்தினார். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, சேது சீமையைத் தனக்குக் கப்பம் கட்டும் சீமையாகக் கருதினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பெரும் கடன்பட்டிருந்த அவருக்குப் பணம் தேவைப்பட்டது.

1772-ல் நவாபின் மகன் உம்தத் உல் உமராவும் கம்பெனியின் தளபதி ஜோசப் ஸ்மித்தும் பெரும் படையோடு ராமநாதபுரம் கோட்டையை முற்றுகையிட்டார்கள். கிழவன் சேதுபதி கட்டிய கல் கோட்டை அது. கம்பெனியின் பீரங்கிகள் மதிலை உடைத்தன. கோட்டை விழுந்தது. பன்னிரண்டு வயது அரசரும் குடும்பத்தாரும் திருச்சிராப்பள்ளியில் சிறை வைக்கப்பட்டனர். அதே ஜூன் மாதம் 25-ம் தேதி காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியாரும் ராமநாதபுரம் அரண்மனையில் பிறந்தவரே. ஒரே மாதத்தில் இரண்டு சீமைகளும் நவாப் வசமாயின.

ஹைதர் அலியின் படையெடுப்பால் நவாப் திணறிய 1780-களின் தொடக்கத்தில் சேதுபதி விடுதலையாகி மீண்டும் அரியணை ஏறினார். பிரதானி முத்திருளப்ப பிள்ளையின் துணையோடு சீமையைச் சீர்படுத்தினார். ஆனால் ராமநாதபுரம் கோட்டையில் தங்கிய கம்பெனிப் படை, மார்டின்ஸ் என்ற அதிகாரியின் கீழ் அங்கேயே இருந்தது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுதான் காரணம் என்பது என் கருத்து.

அடுத்த தகராறு முழுக்க வணிகக் கணக்கு. சேது சீமையின் தறிகளில் நெய்த துணிக்கு வெளிநாட்டில் நல்ல விலை இருந்தது. அதைத் தான் மட்டுமே கொள்முதல் செய்ய வேண்டும் என்று கம்பெனி விரும்பியது. வாங்குபவர் ஒருவர்தான் என்றால் விலையை அவரே நிர்ணயிப்பார், நெசவாளிக்குக் கூலி குறையும். சேதுபதி இதற்கு இணங்கவில்லை. சுங்கத்திலும் இதே பிரச்சினை. இலங்கையைச் சுற்றிப் போகாமல் வங்காள விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே செல்லும் படகுகளுக்குப் பாம்பன் வழிதான் பாதை. அங்கு வசூலாகும் தீர்வை சேதுபதியின் வருமானம். கம்பெனி கேட்ட சலுகைகளைத் தர அவர் மறுத்தார்.

1792-ல் நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பேஷ்குஷ் என்ற கப்பத்தை நேரடியாக வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. கலெக்டர் பவுனியுடன் சேதுபதிக்கு மோதல் வலுத்தது. அந்த நேரத்தில் சிவகங்கையை நிர்வகித்த மருது சகோதரர்களுடனும் பகை முற்றியது. பங்காளிச் சண்டையைக் கம்பெனி பயன்படுத்திக்கொண்டது. சிவகங்கை மீது படையெடுக்கத் தயாராகிறார், பாக்கி வைத்திருக்கிறார் என்று குற்றம் சாட்டி, 1795 பிப்ரவரி 8-ம் தேதி அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. கோட்டைக்குள்ளேயே கம்பெனிப் படை இருந்ததால் முற்றுகையும் இல்லை, போரும் இல்லை. கைது செய்து மீண்டும் திருச்சிக்கே கொண்டு சென்றார்கள்.

ரஷ்யாவிலும் வணிகத் தகராறு ஒன்று போரில் முடிந்தது. இங்கிலாந்துச் சரக்குகளைத் தடுக்க வேண்டும் என்று நெப்போலியன் விதித்த கட்டுப்பாட்டிலிருந்து ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டர் விலகினார். 1810 இறுதியில் பிரெஞ்சுச் சரக்குகளுக்குச் சுங்கத்தையும் உயர்த்தினார். 1812-ல் நெப்போலியன் படையெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். போரோதினோ போருக்குப் பின் ரஷ்யத் தளபதி குதூசோவ் மாஸ்கோவையே விட்டுக்கொடுத்துப் பின்வாங்கினார். கடைசியில் பசியும் குளிரும் துரத்தத் திரும்பி ஓடியது பிரெஞ்சுப் படைதான். பின்வாங்க ரஷ்யருக்கு நிலம் இருந்தது, தங்கள் கையில் ஒரு படையும் இருந்தது. சேதுபதிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பகையான சிவகங்கை, கோட்டைக்குள்ளோ எதிரியின் சிப்பாய்கள்.

அவர் சிறையில் இருந்தபோது சீமை அடங்கிவிடவில்லை. 1799-ல் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதி பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்து கம்பெனியின் கச்சேரிகளையும் கிட்டங்கிகளையும் தாக்கினார்கள். முன்பு கம்பெனிக்கு உதவிய மருது சகோதரர்களும் பிறகு அதே கம்பெனியை எதிர்த்து, 1801 அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். இருவரும் 1794-லேயே சேதுபதியோடு கைகோத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1803-ல் கம்பெனி ராமநாதபுரத்தை ஜமீனாக்கி, சேதுபதியின் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு அளித்தது. அரசர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் சிறைவாசியாகவே இருந்து, 1809 ஜனவரி 23-ம் தேதி காலமானார். நாற்பத்தொன்பது வயதுகூட நிறையாத வாழ்க்கையில் ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

விடுமுறையில் ராமேஸ்வரம் போகிறவர்கள் அந்தச் சிலை முன் ஒரு நிமிடம் நின்று, பிள்ளைகளுக்கு இவர் கதையைச் சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் இறங்க நேரமிருந்தால் ராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்களையும் காட்டுங்கள்.