டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் மாதர் சங்கமும்

ஊவா மலைத் தோட்டங்கள் பலவற்றில் மரண உதவிச் சங்கம் ஒன்றுண்டு. மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து, ஒரு வீட்டிற் சாவு நேர்ந்தால் ஈமச் செலவுக்கு உதவுவது அச்சங்கத்தின் பணி. ஏழை எளியவர் தம் உழைப்பிலிருந்து கட்டியெழுப்பிய அவ்வமைப்பு போற்றற்குரியதே. ஆயினும் ஒரு கேள்வி எம்முள்ளத்தை நெடுநாளாக உறுத்திவருகின்றது. இறந்தவரை அடக்கஞ் செய்ய ஒன்றுகூடும் நாம், நோயுற்றவரை இறவாமற் காக்க ஒன்றுகூடினோமா? இவ்வினா எழும்போதெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்க்கையே எமக்கு நினைவுக்கு வரும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராசாக் கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்பிள்ளை பள்ளி செல்வதையே ஊரார் பழித்த காலம் அது. மெட்ரிக்குலேசன் தேறிய அம்மையார் மகாராசாக் கல்லூரியிற் சேர விரும்பியபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்றும், அவர் பிறந்த மரபு இழிந்தது என்றும் பலர் கூறினர். அவற்றைப் பொருட்படுத்தாது மன்னர் அனுமதி அளித்தமையால், ஆண்கள் பயிலும் கல்லூரியின் கதவு ஒரு பெண்ணுக்குத் திறந்தது. அன்று அக்கதவு அடைபட்டிருந்தால் பின்னர் நிகழ்ந்தவற்றுள் எதுவும் நிகழ்ந்திராது. கல்லூரிகளை நடத்துவோரும் அவற்றிற் பயின்றோரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

1907இற் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இற் பரிசுகள் பல பெற்றுத் தேறினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் தொண்டுக்குத் தடை செய்தலாகாது என்னும் நிபந்தனைகளுடனேயே அத்திருமணத்துக்கு இசைந்தார். கணவரும் இறுதிவரை அச்சொல்லைக் காத்தார்.

1917ஆம் ஆண்டு மார்கரெட் கசின்ஸ் அம்மையார் முதலியோரின் முயற்சியால் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. கல்வி, வாக்குரிமை, இளமை மணத்தடை ஆகியவற்றுக்காக உழைத்த அச்சங்கத்தின் தூண்டுதலாலேயே முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் அங்கத்தவரானார். சபையினர் அவரை ஏகமனதாக உபதலைவராகத் தெரிந்தனர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் மசோதாவை அவர் அங்கே கொண்டுவந்தார். மரபின் பெயராலும் கலையின் பெயராலும் எதிர்த்தோர் பலர். அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இலேயே நிறைவேறியது. இடையில், 1930இற் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் சபைப் பதவியைத் துறந்தார். அக்காலத்தில், தேவதாசிக் குடும்பங்களை விட்டு வெளியேறிய சில சிறுமியர் எவ்விடுதியும் ஏற்காத நிலையில் அவரை அடைந்தனர். அவர்களுக்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். அவ்வை இல்லம் அவ்வாறே உருவாயிற்று.

இனி, முன்கூறிய வினாவுக்கு விடையாகும் பணிக்கு வருவோம். அம்மையாரின் அருமைத் தங்கை 1923இற் புற்றுநோயால் மாண்டார். தாம் வைத்தியராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாமற்போன துயரம் அவர் நெஞ்சை விட்டகலவில்லை. துயரம் யாவர்க்கும் வருவது. அதனைப் பிறருக்குப் பயன்படும் செயலாக மாற்றுவோர் சிலரே. புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டும் என்று 1935இற் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அவர் எடுத்துரைத்தார். தீராத நோய்க்கு வைத்தியசாலை எதற்கு என்பதே அந்நாளைய பொது எண்ணம். அரசினரும் தொடக்கத்தில் ஆதரவு தரவில்லை.

ஆதலால் அம்மையார் மாதர் சங்கத்தை நாடினார். 1949இற் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கிற்று. அங்கத்தவரான பெண்கள் பலரிடமும் சென்று பொருள் திரட்டினர். 1952இற் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆம் நாள் அடையாற்றில் வைத்தியசாலை திறக்கப்பெற்றது. அன்று அங்கிருந்த படுக்கைகள் பன்னிரண்டே. அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தேழு. அவர்தம் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்திணைந்த டாக்டர் சாந்தாவும் அச்சிறு நிலையத்தை வளர்த்தனர். இன்று அது நூற்றுக்கணக்கான படுக்கைகளும் ஆராய்ச்சிக் கூடமும் உடைய பெருநிலையம். ஏழைகள் பலர் இலவசமாகவும் குறைந்த செலவிலும் அங்குச் சிகிச்சை பெறுகின்றனர். 1956இற் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இவ்வரலாற்றில் நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. அம்மையார் பேரறிவினர், ஆயினும் தனித்து நின்று அவ்வைத்தியசாலையை எழுப்பவில்லை. சங்கம் அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அவர் சங்கத்தை நோயாளியின் படுக்கையருகே அழைத்துச் சென்றார். ஒருவர் உள்ளத்துத் துயரும் பலர் கைப்பொருளும் சேர்ந்தவிடத்தே, அரசு தயங்கிய காரியம் நடந்தேறியது. எனினும் அரசின் கடமை அதனால் நீங்கிவிடவில்லை. மக்கள் முன்னே நடந்தமையால் அரசும் பின்னே வர நேர்ந்தது என்பதே உண்மை.

கொழுந்து பறிக்கும் தாய்மார், நோயை மறைத்து, முற்றிய பின்னரே பதுளைப் பெரிய ஆசுபத்திரிக்கு வருவது இம்மலைநாட்டிற் புதிதன்று. ஒருநாட் சம்பளம் போய்விடுமே என்ற அச்சமும், வண்டிக் கூலிக்கு வழியின்மையும், உடன்செல்ல ஆளின்மையும் அதற்குக் காரணங்கள். இவற்றைப் போக்கப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கம் தன் நிதியில் ஒரு பகுதியை நோயாளியின் பயணத்துக்கு ஒதுக்கலாம். கோயிற் சபை தன் மண்டபத்தை ஆண்டுக்கொருமுறை வைத்தியப் பரிசோதனைக்குத் திறந்துவிடலாம். எம் பழைய மாணவருள் வைத்தியரும் தாதியரும் மருந்தாளரும் உளர். அவர்கள் ஒருநாளை அதற்கு ஈயலாம்.

விழாக்கள் பந்தலோடு முடிந்துவிடுதல் உண்டு. எமது கல்லூரியின் இவ்விழா அவ்வாறு முடியாது, பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அப்பணியைப் போல, சிறிதாயினும் நிலைத்து வளரும் ஒரு பணியைத் தொடங்கி வைக்குமாயின், கற்ற கல்விக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.