ஏழைகளோடு நடந்த மந்திரி

இங்கிலாந்தில் மான்செஸ்டர், அந்நாளில் பஞ்சாலைகள் நிறைந்திருந்த நகரம். அங்கே 1891-ம் ஆண்டு ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்தவர் எல்லன் வில்கின்சன்.

உருவம் சிறியது. 5 அடி உயரம்கூட இல்லை. ஆனால் படிப்பில் சூரப்புலி. உபகாரச் சம்பளம் பெற்று, சர்வகலாசாலை வரை படித்தார்.

1924-ல் தொழிற்கட்சியின் சார்பில் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 1935-ல் ஜாரோ என்ற ஊர் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கப்பல் கட்டும் ஊர் அது. கப்பல் தளத்தை மூடிவிட்டதால், வீட்டுக்கு வீடு வறுமை.

1936 அக்டோபரில் 200 தொழிலாளர்கள், வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தே புறப்பட்டார்கள். எல்லனும் வழியில் பல மைல் அவர்களோடு நடந்தார். சுமார் 11 ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவைப் பார்லிமெண்டில் கொடுத்தார். அரசாங்கம் அசையவில்லை. எல்லனும் ஓயவில்லை.

1945-ல் அவர் கல்வி மந்திரி ஆனார். இங்கிலாந்தில் அந்தப் பதவி பெற்ற முதல் பெண் அவரே. 1946-ல் பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசப் பால் கிடைத்தது.

அப்போது கட்டாயப் படிப்பு 14 வயதோடு முடிந்தது. அதை 15 ஆக உயர்த்த ஏற்பாடாகி இருந்தது. நாட்டில் பண நெருக்கடி. ஆகவே தள்ளிப்போடலாம் என்றார்கள் சில மந்திரிகள். தள்ளிப்போட்டால் நஷ்டம் ஏழைக் குழந்தைகளுக்கே என்று எல்லன் வாதாடினார்; வென்றார்.

நோயாளியாக இருந்த அவர், 1947 பிப்ரவரி 6-ந் தேதி காலமானார். வயது 55.

ஏப்ரல் 1-ந் தேதி 15 வயதுத் திட்டம் அமுலுக்கு வந்தது. அதைப் பார்க்க எல்லன் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் ஓர் ஆண்டுப் படிப்பு கிடைத்தது.