குருதியின் வழி கண்ட வில்லியம் ஹார்வே

மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. ஆயினும், அந்நாடியில் ஓடும் குருதி எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றது என்பதைச் சோதனையால் நாட்டியவர் ஆங்கில மருத்துவரான வில்லியம் ஹார்வே ஆவர். அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹார்வே 1578ஆம் ஆண்டு ஏப்ரில் 1ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கீழ்க் கரையிலே பிறந்தார். கேம்பிறிட்ஜிற் பயின்றபின் இத்தாலியிலுள்ள பதுவா நகர் சென்று 1602இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆங்கு அவருக்கு உடற்கூறு கற்பித்த பப்பிரீசியசு, நாளங்களின் உள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருத்தலை மாணாக்கர்க்குக் காட்டினார். குருதி கைகால்களிற் சென்று தேங்காவண்ணம் அவை தடுக்கின்றன என்பது அவர் கருத்து. ஈரலில் உண்டாகும் குருதி நாளங்கள் வழியே வெளிச்சென்று உறுப்புக்களில் நுகரப்பட்டுத் தீர்ந்துவிடும் என்னும் கலனின் கொள்கை அக்காலத்தில் 1,400 ஆண்டுப் பழமை உடையதாயிருந்தது. ஆசிரியர் கதவைக் கண்டார். அஃது எப்பக்கம் திறக்கின்றது என வினாவியவர் மாணாக்கரே.

இலண்டன் திரும்பி மருத்துவம் புரிந்த ஹார்வே, ஒருவரின் மேற்கையை இறுகக் கட்டினார். தடித்த சுவருடைய நாடியும் அடைபட்டது, மணிக்கட்டிலே துடிப்பு நின்றது, கை குளிர்ந்தது. கட்டைச் சிறிது தளர்த்தவே நாடி திறந்தது. மேலாகக் கிடக்கும் மென்சுவர் நாளங்களோ திறக்கவில்லை. அவை கட்டின் கீழே புடைத்தெழ, வால்வுள்ள இடங்கள் முடிச்சுக்கள்போற் தோன்றின. விரலால் அழுத்திக் குருதியை மேனோக்கித் தள்ளினால் எளிதிற் சென்றது. கீழ்நோக்கித் தள்ளினால் வால்வைக் கடக்கவில்லை. எனவே, நாளத்தின் வழி இருதயத்தை நோக்கியதேயாம்.

பின்னர் அவர் கணக்கிட்டார். இருதயம் அரைமணி நேரத்தில் வெளித்தள்ளும் குருதி, உடலிலுள்ள முழுக் குருதியினும் மிகுதியாயிற்று. உண்ணும் உணவு அத்துணைக் குருதியை ஆக்கவல்லதன்று. ஆகவே அதே குருதியே நாடியாற் சென்று நாளத்தால் மீளுகின்றது எனத் துணிந்து, 1628இல் இலத்தீன் மொழியிற் சிறு நூலாக வெளியிட்டார்.

புகழுக்கு முன்னர் ஏச்சே வந்தது. நோயாளர் பலர் அவரை விட்டு நீங்கினர் என்பர். 1642இல் உள்நாட்டுப் போரின்போது அவர் உறைவிடம் சூறையாடப்பட, பல்லாண்டு எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புக்கள் அழிந்தன. பாரிசு நகரப் பேராசிரியர் இரியோலானின் மறுப்புக்கு 1649இல் விடையளித்தபோது அவர் எழுபதை எய்தியிருந்தார்.

எனினும் ஒரு குறை எஞ்சியது. நாடியின் முடிவிலிருந்து நாளத்தின் தொடக்கத்துக்குக் குருதி செல்லும் வழியை அவர் கண்ணாற் கண்டிலர். 1657 யூன் 3ஆம் திகதி அவர் மறைந்தார். நான்காண்டு கழித்து, 1661இல், இத்தாலியரான மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியால் நோக்கி மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். ஒற்றைக் கலப்படையாலாகிய அவற்றின் சுவரினூடாகவே உடல் உணவையும் ஒட்சிசனையும் பெறுகின்றது.

காணாத வழியொன்று உண்டென அளவையால் உறுதிகொண்டு, அதனைக் காணாமலே கண்மூடினார் ஹார்வே. ஆசிரியரைப் போற்றிய அவர், ஆசிரியர் நின்ற இடத்திலே நின்றுவிட்டாரல்லர். எம் கல்லூரி இளைஞர் அவர்பாற் கற்கவேண்டுவது இதுவேயென்பது எமது துணிபு.