நோயுற்ற உயிர்களின் பணியாளர்: ஷைகு அஹ்மத் கபீர் ரிஃபாயீ (ரஹ்)

ரிஃபாயீ என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் ஜமாஅத்தின் மூத்தவர்களுக்கு நினைவில் எழுவது, கந்தூரி இரவுகளில் தாயிரா முழங்க ஃபக்கீர்மார் கன்னத்திலும் நாவிலும் கம்பி பாய்ச்சிக்கொண்ட ராத்திபுக் காட்சியேயாகும். அச்செயல் ஆகுமா ஆகாதா என்னும் வழக்கை ஆலிம் பெருமக்களிடமே விட்டுவிடுகிறோம். அப்பெயருக்குரிய பெரியார் தம் வாழ்நாளில் எவ்வாறு அறியப்பட்டிருந்தார் என்பதையே இவ்வாண்டு மலரில் எழுத விழைந்தோம். நோயுற்ற மனிதர்க்கும், மனிதர் துரத்திவிட்ட விலங்குக்கும் தம் கையால் பணிவிடை செய்தவர் அவர்.

தென் இராக்கில் வாஸித் நகருக்கும் பஸராவுக்கும் இடையே தஜ்லா, ஃபுராத் ஆறுகளின் நீர் தேங்கிப் பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்திற்குப் பதாயிஹ் என்று பெயர். நாணலும் மீனும் கொசுவும் நிறைந்த அப்பகுதியில் ஹிஜ்ரி 512இல் (கி.பி. 1118) அன்னார் பிறந்தார்கள். தந்தையார் அலீ அவர்கள் பாக்தாதில் காலமானபோது பிள்ளைக்கு வயது ஏழுதான். தாய்மாமனாகிய ஷைகு மன்சூர் அவர்கள் அன்னையையும் பிள்ளையையும் தம் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டார்கள். திருக்குர்ஆன் மனனத்திற்குப் பின், வாஸித் நகர் ஆலிமான அபுல் ஃபழ்ல் அலீ அவர்களிடம் ஓதி, ஷாஃபிஈ மத்ஹபின் சட்டநூலாகிய தன்பீஹையும் மனனம் செய்தார்கள். அன்னார் ஷாஃபிஈ ஃபிக்ஹு கற்றவர் என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் வரும் நிகழ்ச்சிக்கு அது தேவைப்படும். ஹிஜ்ரி 540இல் மாமனார் வஃபாத்தானபின், உம்மு அபீதா என்னும் சிற்றூரிலிருந்த தக்கியாவின் பொறுப்பு, முப்பது வயதும் நிரம்பாத அன்னாரிடம் வந்து சேர்ந்தது.

வரலாற்றாசிரியர் தஹபீ அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 748) அன்னாரைப் பற்றிப் பதிந்துள்ள செய்திகளுள் பூனை பற்றிய ஒன்று நம்மவர் பலரும் கேள்விப்பட்டதே. ஷைகு அவர்களின் சட்டைக் கையின் மேல் ஒரு பூனை படுத்து உறங்கிவிட்டது. தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டது. பூனையை எழுப்ப மனமின்றி, அக்கையை வெட்டிவிட்டு எழுந்து சென்று தொழுதார்கள். திரும்பி வந்து அமர்ந்து, வெட்டிய துண்டை மீண்டும் இணைத்துத் தைத்துக்கொண்டு, இதனால் ஒன்றும் மாறிவிடவில்லை என்று கூறினார்களாம். இதே நிகழ்ச்சி நாயகம் (ஸல்) அவர்களைச் சார்த்தியும் நம்மிடையே சொல்லப்படுவதுண்டு. ஆயின் தஹபீ அவர்கள் பதிந்திருப்பது ரிஃபாயீ அவர்களைப் பற்றியே. ஒளூச் செய்த கையில் வந்தமர்ந்த கொசு தானே பறந்து செல்லும்வரை அசையாது நின்றார்கள் என்றும் அந்நூல் கூறுகிறது.

பூனை நம் வீட்டில் புழங்கும் பிராணி. அது வாய்வைத்த நீர் அசுத்தமன்று என்பதும் நமக்குத் தெரிந்த மஸ்அலாவே. ஆகவே பூனையிடம் பரிவு காட்டுவது அத்துணை அரிதன்று. அடுத்து வருவதுதான் நம்மை வியக்கவைத்தது. இதனை இமாம் ஷஃரானீ அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 973) தம் தபகாத்தில் எழுதியுள்ளார்கள்.

உம்மு அபீதாவில் ஒரு நாய்க்குக் கடுஞ்சொறி கண்டது. தோல் வெளுத்து, உடல் புண்ணாகி, தொழுநோய் பிடித்தது போன்ற நிலையை எய்திய அதனை ஊரார் தொலைவாகத் துரத்திவிட்டனர். ஊராரையும் நாம் குறைசொல்லிவிட முடியாது. சொறி தொற்றக்கூடியது, மனிதர்க்கும் தாவும். அன்றியும் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். ஈரத்துடன் அது பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவியாக வேண்டும். இவற்றையெல்லாம் ஓதி அறிந்த ஷைகு அவர்கள் நாயை ஊருக்குள் மீட்டுக்கொண்டு வரவில்லை. தாமே ஊரை விட்டு வெளியேறி, அந்த நாயுடன் வெட்டவெளிக்குச் சென்றார்கள்.

அங்கே வெயிலுக்கு ஒரு பந்தல் அமைத்தார்கள். உணவளித்தார்கள், நீர் புகட்டினார்கள், உடம்பில் எண்ணெய் பூசினார்கள், துணியால் சொறியைத் துடைத்தெடுத்தார்கள். நாற்பது நாட்கள் இவ்வாறு சென்றன என்பது வழக்கு. நோய் தீர்ந்தபின் வெந்நீர் சுமந்து சென்று அதனைக் குளிப்பாட்டினார்கள். ஒரு நாய்க்கா இத்தனை பாடு என்று வினவியோருக்கு, இதன் நிலையைக் கண்டும் ஏன் இரங்கவில்லை என்று மறுமையில் அல்லாஹ் தம்மைக் கேட்பான் என அஞ்சியதாகக் கூறினார்கள்.

சொறி பிடித்த பூனையையோ ஆட்டுக்குட்டியையோ வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இப்பணியின் கடுமை விளங்கும். தோலுக்குள் வளை தோண்டி வாழும், கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணிகளே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம். இன்று ஊசியும் சொட்டு மருந்தும் உள்ளன. அன்று எண்ணெயால் பொருக்கை ஊறவைத்து, நாள்தோறும் துடைத்தெடுத்து, உயிர் போகாதபடி உணவூட்டிக் காத்திருப்பதே வழி. நாற்றமும் அரிப்பும் உடையதாய், வலியினால் கடிக்கவும் கூடிய ஒரு பிராணியிடம் ஒரு நாள் இரக்கம் காட்டிவிடலாம். இருபதாம் நாளும் எண்ணெய்க் கிண்ணத்துடன் செல்வது வேறு.

மனிதரிடத்தும் அன்னாரின் வழக்கம் இதுவே. தொழுநோயாளர், முடங்கிக் கிடப்போர் ஆகியோரிடம் சென்று அவர்தம் ஆடைகளை வெளுத்து, தலையிலும் தாடியிலும் பேன் பார்த்து, உணவு கொண்டுசென்று, அவர்களுடனேயே அமர்ந்து உண்டு, தமக்காக துஆச் செய்யும்படி அவர்களிடம் கேட்பார்கள். எந்த ஊரில் நோயாளி இருப்பதாகக் கேள்விப்பட்டாலும் நடந்து சென்று நலம் விசாரித்து, ஓரிரு நாள் கழித்தே திரும்புவார்கள். கண்ணற்றோர் வரும் பாதையில் காத்து நின்று கைபிடித்து அழைத்துச் செல்வார்கள். பயணம் முடிந்து ஊரை நெருங்குகையில் இடுப்பை வரிந்து கட்டி, உடன் வைத்திருக்கும் கயிற்றால் விறகு கட்டித் தலையில் சுமப்பார்கள். உடன் வருவோரும் அவ்வாறே சுமப்பர். விதவையர், நோயாளர், முதியோர் இல்லங்களுக்கு அவ்விறகு போய்ச் சேரும்.

நெருப்பிலே புகுதல், பாம்பைப் பிடித்தாடுதல் ஆகியவை தாத்தாரியர் இராக்கைக் கைப்பற்றிய பின் தோன்றியவை என்றும், ஷைகு அவர்களோ அன்னாரின் நற்தோழர்களோ இவற்றை அறியார் என்றும் தஹபீ அவர்கள் எழுதியுள்ளார்கள். கி.பி. 1327இல் வாஸிதிலிருந்து ஒரு நாள் பயணமாக உம்மு அபீதாவுக்குச் சென்ற இப்னு பதூதா, ஆயிரக்கணக்கான ஃபக்கீர்களையும், அரிசி ரொட்டி, மீன், பால், பேரீச்சம்பழம் கொண்ட விருந்தையும் கண்டார். இரவில் அவர்கள் தீயில் புரண்டதையும், சிலர் பெரும் பாம்பின் தலையைப் பல்லால் கடித்துத் துண்டித்ததையும் எழுதிவைத்தார். கொசுவைக் கூட விரட்டாதவரின் அடக்கத்தலத்தில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணி நாம் சற்று நேரம் எழுதாமல் இருந்துவிட்டோம்.

இனி அன்னாரின் இறுதி நாட்கள். ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1182) கடும் வயிற்றுப்போக்கு கண்டு ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார்கள். பிறர் உடலின் அழுக்கைத் துடைத்துப் பழகிய அந்த உடலுக்கு இப்போது பிறர் பணிவிடை செய்யும் நிலை வந்தது. ஜமாதுல் அவ்வல் மாதத்தில் வஃபாத்தானார்கள். தாய்வழிப் பாட்டனார் அடங்கியிருந்த இடத்திலேயே, உம்மு அபீதாவில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.