பழைய படம் சொல்லும் டி.வி.எஸ். கதை

மதுரையில் பழைய குடும்பங்களின் வீடுகளில், மங்கிப்போன படங்கள் சுவரில் தொங்குவது உண்டு. சில படங்களில் ஒரு காரோ, பஸ்ஸோ நிற்கும். அது என்ன வண்டி? எந்தக் காலத்து வண்டி?

படத்தில் தேதி இல்லாவிட்டாலும் கவலை இல்லை. வண்டியே தன் வயதைச் சொல்லிவிடும்! மதுரைச் சீமையில் அந்த வண்டிகளின் கதை, பெரும்பாலும் ஒரு மனிதரின் கதைதான். அவர், டி.வி. சுந்தரம் அய்யங்கார்.

வக்கீல் தொழிலை விட்டார்

நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர் அவர். 1877-ம் ஆண்டு பிறந்தார். முதலில் வக்கீலாக இருந்தார். பிறகு ரெயில்வேயிலும், பாங்கியிலும் வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை. அதை உதறிவிட்டு, 1911-ல் மோட்டார் தொழிலில் இறங்கினார்.

அப்போது ஜனங்களுக்குத் தெரிந்தது மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். ரெயில் போகாத ஊருக்கு நடந்துதான் போகவேண்டும். அந்த ஊர்களுக்குப் பஸ் விட்டார் அய்யங்கார். குறித்த நேரத்தில் பஸ் புறப்பட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஊரில் பேச்சு உண்டாயிற்று.

உங்கள் வீட்டுப் படத்தில் உள்ள வண்டிக்கு மரக்கால்கள் வைத்த சக்கரமா? மேலே துணிக் கூரையா? அப்படியானால் அது பெரும்பாலும் 1930-க்கு முந்தியது.

முகப்பைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, 1928-ல் பம்பாயில் தொழிற்சாலை வைத்தது. அங்கே பாகங்களைப் பூட்டி, செவர்லே கார்களையும் லாரிகளையும் வெளியே அனுப்பினார்கள். அந்தக் கம்பெனி வண்டிகளைத் தெற்கே விற்றவர்களில் அய்யங்கார் முக்கியமானவர்.

பூதக்கண்ணாடியை எடுத்து வண்டியின் முகப்பைப் பாருங்கள். துரைமார் கழுத்தில் கட்டும் "போ" முடிச்சு போன்ற சின்னம் இருந்தால், அது செவர்லே! விளக்குகளையும் பாருங்கள். அவை உடலை விட்டுத் தனியே நின்றால், போருக்கு முந்திய வண்டி என்று பொதுவாகச் சொல்லலாம்.

கரி பஸ்

1939-ல் இரண்டாவது உலகப் போர் மூண்டது. பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. பஸ் நின்றால் டிரைவர், கண்டக்டர் குடும்பங்களின் கதி என்ன? சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்கள் எப்படிப் போவார்கள்?

அய்யங்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. டி.வி.எஸ். கரிவாயு எந்திரம் தயாராயிற்று. அடுப்புக் கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் ஒரு வாயு உண்டாகும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். வேகம் குறைவுதான். மேட்டில் முக்கி முனகும். ஆனாலும் ஓடியது! தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலையும் அவர் நடத்தினார்.

ஆகவே, படத்தில் உள்ள பஸ்ஸின் பின்னால் உயரமான தகர உருளை தெரிந்தால், அது போர்க்காலத்துப் படம் என்று அறிந்துகொள்ளலாம்.

படத்தில் தெரியாத துணிவு

அவர் வாழ்வில் பெரிய துயரம் ஒன்று நேர்ந்தது. மகள் சவுந்தரம் இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் விதவைப் பெண்ணை மூலையில் உட்காரவைப்பார்கள். அய்யங்காரோ மகளை டெல்லிக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்கவைத்தார். அந்த மகள்தான் பின்னாளில், 1947-ல், கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

சுந்தரம் அய்யங்கார், 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 78.

1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. டி.வி.எஸ். பஸ்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. எனவே, டி.வி.எஸ். பெயருடன் பயணிகள் பஸ் நிற்கும் மதுரைப் படம் உங்களிடம் இருந்தால், அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, அதில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுப் பின்னால் எழுதிவிடுங்கள். வண்டி தன் வயதைச் சொல்லும். மனிதர்களின் பெயரைச் சொல்லாது!